ரோலண்ட் ஜேசி-40: பெயரில் இருக்கும் ஜாஸ் ஒலியிலும் இருக்கிறதா?

முகப்பில் ‘ஜாஸ் கோரஸ்’ என்ற பெயரைத் தாங்கி 1975இல் வெளிவந்த ரோலண்ட் ஜேசி-120 கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் பலர் ராக் குழுக்களைச் சேர்ந்தவர்கள் என்பது ஒரு வேடிக்கை. தி போலீஸ் குழுவின் ஆண்டி சம்மர்ஸ், தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல முழங்கும் மெட்டாலிகாவில் அமைதியான பகுதிகளை மட்டும் இதில் வாசித்த ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் என்று நீளும் அந்த வரிசையைப் பார்த்தால், ஜாஸ் என்ற சொல் அங்கே வெறும் அலங்காரமோ என்ற சந்தேகம் எழுவது இயல்பே. அந்த ஜேசி-120இன் சிறிய வடிவமாக 2015இல் வந்த ஜேசி-40ஐ நான் இரண்டு ஆண்டுகளாக வீட்டில் வைத்து வாசித்து வருகிறேன். ஒரு கிட்டாரைப் பலர் சேர்ந்து வாசிப்பதுபோல் விரித்துக்காட்டும் கோரஸுக்காக நான் அதை வாங்கவில்லை. மனம் நிறையும்படியான ஜாஸ் நாதம் ஒன்று அதிலிருந்து கிடைக்குமா என்ற ஒரே கேள்விக்காகத்தான் வாங்கினேன். கிடைக்கும் என்பதே என் முடிவு; ஆனால் அதைத் தேடி முதல் மாதங்களில் நான் திருகிய குமிழ்கள் அனைத்தும் தவறான குமிழ்கள்.

எந்த நாதத்தைச் சொல்கிறேன் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். கிப்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட இஎஸ்-150 கிட்டாரைக் கொண்டு, 1939 முதல் பென்னி குட்மனின் குழுவில் சாக்ஸஃபோனைப் போல ஒற்றைச் சுர வரிசைகளை வாசித்த சார்லி கிறிஸ்டியனிடம் அது தொடங்குகிறது. கம்பியைத் தட்டும் சிறு வில்லையான பிக் இல்லாமல் கட்டைவிரலின் சதையாலேயே எல்-5 கிட்டாரை வாசித்த வெஸ் மாண்ட்கோமரியிடமும், இஎஸ்-175 கிட்டாரைச் சிறிய கிப்சன் ஆம்ப்பில் சேர்த்து, கிட்டாரின் மரச் சத்தத்தை அமுக்காத அளவிலேயே ஒலியை வைத்துக்கொண்ட ஜிம் ஹாலிடமும் அது வெவ்வேறு உருவம் எடுக்கிறது. மூவரின் ஒலியும் ஒன்றுபோல் இராது. ஆனாலும் மூவரிடமும் பொதுவாக ஒன்று உண்டு: சுரம் பிறக்கும்போது உலோகத்தின் கூர்மை முன்னால் வந்து நிற்பதில்லை, சுரத்தின் நடுவில் சதைப்பற்று இருக்கிறது, கார்வை அளவுக்கு மீறி நீளாமல் மலர்ந்து அடங்குகிறது. இந்தக் குணத்தை ‘டார்க்’ என்றும் ‘வார்ம்’ என்றும் சொல்லிச் சொல்லியே நம்மில் பலர் உச்ச ஒலிகளான ட்ரெபிளின் கழுத்தை நெரித்துவிடுகிறோம். நானும் அதைத்தான் செய்தேன்.

ஜேசி-40 கண்ணாடிக் குழாய் வால்வுகள் இல்லாத, டிரான்சிஸ்டர் வகை ஆம்ப்ளிஃபயர். இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள், மொத்தம் 40 வாட், எடை ஏறத்தாழ 16 கிலோ. மூத்தவரான ஜேசி-120இல் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களும் 120 வாட்டும் உண்டு. அதைத் தூக்குவதற்கு மட்டும் இன்னொருவர் வேண்டும். ஜேசி-40ஐ ஒரு கையால் மாடிப்படி ஏற்றலாம், இரண்டாவது மாடியில் மட்டும் கை மாற்ற வேண்டியிருக்கும். முகப்பில் உச்சியைத் தூக்கும் ப்ரைட் விசை, வால்யூம், மேல், நடு, அடி ஒலிகளுக்கான ட்ரெபிள், மிடில், பேஸ் ஆகியவையும், அவற்றுக்கு அப்பால் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், எதிரொலி சேர்க்கும் ரிவர்ப், கோரஸ்-வைப்ராட்டோ குமிழ்களும் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் ஆம்ப் ஜாஸுக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜோ பாஸும் ஹெர்ப் எல்லிஸும் வாசித்த பாலிடோன் ஆம்ப்களை நினைவூட்டினால் போதும். டாமி குமினா என்ற அக்கார்டியன் கலைஞர் உருவாக்கிய அந்தப் பெட்டிகளும் டிரான்சிஸ்டர் வகைதான். ஒரு காலத்தில் ஜாஸ் கிட்டார் என்றாலே பலருக்கு அவைதான் நினைவுக்கு வந்தன.

நான் இதில் வாசிப்பது பழையது, கைமாறி வந்தது, இஎஸ்-175ஐப் பார்த்துச் செய்த, உள்ளே முழுவதும் குடைவாக உள்ள ஒரு கிட்டார். அகலம் 16 அங்குலம், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் இரண்டு ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்கள், மேல்பலகை ஒட்டுப் பலகை. முழு மரத்தைச் செதுக்கிச் செய்த விலையுயர்ந்த மேல்பலகையோடு ஒப்பிட்டு ஒட்டுப் பலகையைக் குறைவாகப் பேசுவது வழக்கம். ஆனால் 1949இல் வந்த மூல இஎஸ்-175ஏ ஒட்டு மேப்பிளால் ஆனதுதான். அந்த விறைப்பான பலகை ஸ்பீக்கரின் ஒலிக்கு எளிதில் அதிராததால் ஊளை குறைகிறது என்பதோடு, கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கும் அது அவ்வளவு சீக்கிரம் வளைந்துகொடுப்பதில்லை என்பதையும் நம் ஊர்களில் வாங்குபவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் நான் செய்ததைச் சொல்கிறேன். ஆம்ப்பின் எல்லாக் குமிழ்களையும் நடுவான 5இல் வைத்தேன், கிட்டாரில் கழுத்தருகே உள்ள பிக்கப்பைத் தேர்ந்தெடுத்தேன், ஒலி கண்ணாடித் துண்டுபோல் வந்ததால் கிட்டாரின் டோன் குமிழை முழுவதுமாக மூடினேன். கூர்மை போனது, கூடவே நாதமும் போனது. ஜலதோஷம் பிடித்தவர் மூக்கடைத்துக்கொண்டு பாடுவதுபோல ஓர் ஒலி மிஞ்சியது. நாலு சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டை வாசித்தால் எது மேல் சுரம், எது கீழ்ச் சுரம் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. இதற்குக் காரணம் கிட்டாருக்குள் இருக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர். ஹம்பக்கர் கிட்டார்களில் பெரும்பாலும் 0.022 மைக்ரோஃபாரட் அளவில் இருக்கும் அது, டோன் குமிழைக் கொஞ்சம் குறைக்கும் வரைக்கும் உச்ச அதிர்வெண்களை மெல்லத் தணிக்கிறது. முழுவதும் மூடும்போதோ பிக்கப்பின் சுருளோடு நேராகச் சேர்ந்து, வழக்கமாக 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்க வேண்டிய, ஒலி உயர்ந்து நிற்கும் மேட்டைச் சுமார் 500 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடுகிறது. அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரிந்துவிழ, அந்த ஒரு மேடு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். நாம் மூக்கடைப்பு என்று கேட்பது அதைத்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகு என் டோன் குமிழ் 5க்குக் கீழே போனதில்லை.

ஆம்ப் பக்கத்தில் நடந்த தவறு இன்னும் நுட்பமானது. எல்லாம் 5இல் இருந்தால் ஒலி சமமாக வரும் என்று நாம் இயல்பாகவே நம்புகிறோம். ஸ்டீரியோ பெட்டிகள் நமக்கு அப்படிக் கற்றுக்கொடுத்துவிட்டன. ஃபெண்டர் ஆம்ப்களிலும், அதே வகை மின்சுற்றைக் கொண்ட ஜேசி-120இலும் அந்த நம்பிக்கை செல்லாது. அங்கே ட்ரெபிள், மிடில், பேஸ் மூன்றும் ஒன்றையொன்று பாதிக்கும் வகையில் பிணைந்திருக்கின்றன. மூன்றையும் நடுவில் வைத்தால் மேலும் கீழும் உயர்ந்து, 400, 500 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு பள்ளம் விழும். கிட்டாரின் முதல் கம்பியை விரல் அழுத்தாமல் வாசித்தால் 330 ஹெர்ட்ஸ், அதன் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் குறுக்குக் கட்டையில்) 659 ஹெர்ட்ஸ். ஆக, ஜாஸ் கலைஞர் மனோதர்மமாக வாசிக்கும் வரிகளில் பெரும் பகுதி எந்த இடத்தில் வாழ்கிறதோ அந்த இடத்தையே நாம் குழியாக்கிவிட்டு, சதைப்பற்று இல்லையே என்று புலம்புகிறோம். ட்ரெபிள் 0, மிடில் 10, பேஸ் 0 என்று வைத்தால்தான் ஜேசி-120 கிட்டத்தட்டச் சமமான ஒலியைத் தரும் என்பது ஒத்திகை அறைகளில் பழகியவர்களுக்குத் தெரிந்த சூத்திரம். ஜேசி-40இல் அதையே முயன்றபோது என் காதுக்கும் அப்படித்தான் பட்டது. முதன்முறையாகக் கிட்டார் மரத்தால் செய்யப்பட்டது என்பது ஸ்பீக்கரிலிருந்து தெரிந்தது. ஒலியில் அழகு இன்னும் வரவில்லை, உண்மை வந்துவிட்டது.

அங்கிருந்து புறப்பட்டு ஒவ்வொரு குமிழையும் தேவைக்கு மட்டும் ஏற்றினேன். இன்று என் ஆம்ப்பில் ட்ரெபிள் 3, மிடில் 8, பேஸ் 2, ப்ரைட் விசை அணைந்தே இருக்கும், ரிவர்ப் 2. கிட்டாரில் வால்யூம் 8, டோன் 7. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கிட்டார் வேறு, அறை வேறு. எந்தத் திசையில் திருக வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறக்காமல் 8இல் நிறுத்துவதற்கும் காரணம் உண்டு. குமிழ் சற்று மூடியிருக்கும்போது அதன் மின்தடையும் கேபிளில் இயல்பாக இருக்கும் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து உச்சியைச் சிறிது மழுக்குகின்றன. சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் வரும். என்னுடைய 6 மீட்டர் கேபிளைக் கழற்றிவிட்டு 3 மீட்டர் கேபிளைப் போட்டபோது டோனை 7இலிருந்து 6க்கு இறக்க வேண்டியிருந்தது. கேபிளுக்கு இவ்வளவு பேச்சா என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

பேஸ் 2 என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். குடைவான கிட்டாருக்குள் அடைபட்ட காற்றுக்கென்று ஓர் அதிர்வு உண்டு. என் கிட்டாரில் அது ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில், அதாவது 98 ஹெர்ட்ஸ் உள்ள ஜி சுரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பேஸை 5இல் வைத்து அந்த ஒரு சுரத்தை வாசித்தால் மேசையில் இருக்கும் தண்ணீர்க் குவளை நடுங்கும். பக்கத்துச் சுரமான எஃப் ஷார்ப்பை வாசித்தால் ஒன்றும் நடக்காது. ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து ஒரு மர நாற்காலியில் ஏற்றி, சுவர் மூலையிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தி, பேஸை 2க்குக் கொண்டுவந்ததும் இரண்டு சுரங்களும் சமமாயின. ஸ்பீக்கர் காதின் மட்டத்துக்கு அருகே வந்ததால் ட்ரெபிளையும் குறைக்க முடிந்தது. தரையில் வைத்து, நின்றுகொண்டு வாசிப்பவர்கள் முழங்காலுக்குக் கேட்கும் ஒலியைத்தான் காதுக்கென்று நினைத்து அமைக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ ஒன்று குறைந்தது. அது ஆம்ப்பில் இல்லை, கம்பியில் இருந்தது. நான் அதுவரை போட்டிருந்தவை 10இல் (முதல் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்) தொடங்கும் சாதாரண ரவுண்ட்வவுண்ட் கம்பிகள். வட்டக் கம்பியைச் சுற்றிச் செய்யும் அவற்றின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். விரல் நகரும்போது கீச்சென்னும், ஒவ்வொரு தட்டலிலும் உலோகத்தின் மினுமினுப்பு சேர்ந்து வரும். ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளில் சுற்றப்படுவது தட்டையான உலோக நாடா. டடாரியோவின் குரோம்ஸ் வகையில் 12 முதல் 52 வரையிலான தொகுதியைப் போட்டேன். அதில் மூன்றாவது கம்பியும் சுற்றிய கம்பியே; இது சிறு விஷயம்போலத் தெரியும், ஆனால் சுற்றாத மூன்றாவது கம்பி பிக்கப்பில் மற்றவற்றைவிட உரத்து, பட்டணம் வந்த கிராமத்து மைனர் மாதிரி தனியாகத் துள்ளிக்கொண்டிருக்கும். புதுக் கம்பிகளோடு முதல் கார்டை வாசித்தபோது டோன் குமிழை அதுவரை 5இல் வைத்திருந்தவன் 7க்குத் திறந்தேன். குமிழால் வெட்டி எறிந்துகொண்டிருந்த கூர்மை இப்போது கம்பியிலேயே பிறக்கவில்லை. பிறக்காத ஒன்றை வெட்ட வேண்டியதில்லை என்பதால், குமிழைத் திறந்துவைத்துச் சுரத்தின் தெளிவைக் காப்பாற்றிக்கொள்ள முடிந்தது. என் தேடலில் ஒரே ஒரு திருப்பத்தைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். விலையையும் பார்த்தால், ஆம்ப்பின் விலையில் இது மிகச் சிறு பங்கு.

இந்தக் கம்பி மாற்றத்தில் பட்ட அடியையும் பதிவு செய்யலாம். தடித்த கம்பிக்கு, கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் நட்டின் பள்ளங்களைச் சற்று அகலப்படுத்த வேண்டும் என்பதால் கிட்டாரை ஒரு கடையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். அவர்கள் ஆறு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டார்கள். இந்த வகைக் கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலம் பலகையில் ஒட்டப்பட்டிருக்காது, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். கம்பி போனதும் பாலமும் நகர்ந்திருக்கிறது. திருப்பித் தந்தபோது பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒவ்வொரு சுரமும் சுருதியைவிட ஏறி நின்றது. அதோடு இரண்டு நாள் வாசித்துவிட்டு, என் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ட்யூனரை வைத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின் மேல் விரலைத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும் அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் ஒன்றாகும் வரை பாலத்தை மயிரிழை மயிரிழையாகப் பின்னே தள்ளி, அதன் இரு ஓரங்களிலும் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இப்போது கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறேன். ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள் பழையதாக ஆக இனிமை கூடுபவை என்பதால் அந்த வேலையும் அடிக்கடி வருவதில்லை.

கையைப் பற்றியும் சொல்லாமல் ஆம்ப்பை மதிப்பிட முடியாது, ஏனென்றால் ஜேசி-40 கையின் குற்றங்களை மறைப்பதே இல்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வாசித்தால் பாலத்துக்குப் பக்கத்தில் வாசித்த ஒலி. கழுத்துப் பலகை முடியும் இடத்தில் வாசித்தால் அங்கே வாசித்த ஒலி. நான் வலக்கையை இரண்டு அங்குலம் முன்னே நகர்த்தி, 1.38 மில்லிமீட்டர் தடிமனுள்ள டன்லப் ஜாஸ் III பிக்கின் கூர்முனைக்குப் பதிலாக அதன் தோள்பட்டையால் வாசிக்கத் தொடங்கியதும், ட்ரெபிளை 3லிருந்து 2க்கு இறக்கியதுபோன்ற மாற்றம் குமிழைத் தொடாமலே கிடைத்தது. சில நாட்களில் பிக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் வாசிக்கிறேன். வேகம் பாதியாகிவிடும்; ஆனால் அந்த ஒலிக்குப் பிறகு பிக்கை எடுக்க மனம் வருவதில்லை.

கோரஸைப் பற்றி அதன் புகழுக்கு ஏற்றபடி எழுதாமல் போனால் வாசகர்கள் கோபிப்பார்கள். ஒரு ஸ்பீக்கரில் கலப்பில்லாத ஒலியும், இன்னொன்றில் சிறிது தாமதித்துச் சுருதி அசையும் ஒலியும் வந்து, இரண்டும் பெட்டிக்குள் கலக்காமல் அறையின் காற்றில் கலப்பதே இதன் தனித்தன்மை. பெடலில் கிடைக்கும் கோரஸ் எதுவும் இதற்கு உறை போடக் காணாது. மெதுவான பாடலுக்கு முன்னுரையாகக் கார்டுகளை மட்டும் விரித்து வாசிக்கும்போது அழகாக இருக்கும். ஒற்றைச் சுர வரிகளுக்கு வந்ததும் அணைத்துவிடுவேன். ரிவர்ப் 3ஐத் தாண்டினால் குளியலறை வாடை அடிக்கிறது. டிஸ்டார்ஷன் குமிழைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது பூஜ்யத்திலேயே இருப்பது எல்லோருக்கும் நல்லது.

வீட்டில் நிறைவு தந்த ஒலி, ஒரு பியானோவும் டபுள் பேஸும் டிரம்ஸும் கூடிய சிறு குழுவில் முதல் மாலையே காணாமல் போனது. தனியாக வாசிக்கும்போது இனிமையாகத் தோன்றும் கனம், குழுவில் பேஸ் கலைஞரின் இடத்தையும் பியானோக்காரரின் இடக்கையையும் ஆக்கிரமித்துச் சேறாகிவிடுகிறது. ட்ரெபிளை 5க்கு ஏற்றி, பேஸைப் பூஜ்யமாக்கி, கிட்டாரின் டோனை 9க்குத் திறந்தபோதுதான் சுரங்கள் வெளியே வந்தன. அந்த அமைப்பில் வீட்டில் தனியாக வாசித்துப் பார்த்தால் மெலிந்து, சற்று எரிச்சலூட்டும்படி இருக்கும். குழுவின் நடுவே, எதிரில் உட்கார்ந்து கேட்ட நண்பர் அதைத்தான் ‘இன்றைக்குத்தான் உருண்டையாக இருக்கிறது’ என்றார். ஒலியின் அளவும் இதில் சேர்கிறது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு அடியும் உச்சியும் குறைவாகவே கேட்கும் என்பதால், இரவு பத்து மணிக்கு மெல்ல வாசித்துச் சரிசெய்த அமைப்பில் மேடையில் வாசித்தால் அடிச்சுரங்கள் பொங்கி வழியும். ஆகவே எனக்கு இரண்டு அமைப்புகள். வீட்டு எண்களைப் பேனாவிலும் குழு எண்களைப் பென்சிலிலும் எழுதிய ஒரு காகித நாடா ஆம்ப்பின் மேல் ஒட்டியிருக்கிறது.

ஒப்பீட்டுக்காக நண்பரின் ஃபெண்டர் 65 டீலக்ஸ் ரிவர்ப் ஆம்ப்பை ஒரு மாதம் வாங்கி வைத்திருந்தேன். 22 வாட், ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், இரண்டு 6வி6 வால்வுகள், ஏறத்தாழ 19 கிலோ. இதில் மிடில் குமிழே கிடையாது, அந்தப் பள்ளத்தோடுதான் வாழ வேண்டும். பேஸையும் ட்ரெபிளையும் 3க்குக் கீழே வைத்தால் பள்ளத்தின் ஆழம் குறைகிறது. இரண்டு சேனல்களில் வைப்ராட்டோ சேனலின் வால்யூம் குமிழில் உச்சியைத் தூக்கிக்காட்டும் ஒரு சிறு கெப்பாசிட்டர் இருப்பதால், குறைந்த ஒலியில் அது கிட்டாரைத் தேவைக்கு மேல் பளபளக்கவைக்கும். நார்மல் சேனலில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அங்கே ரிவர்ப்பும் இல்லை. ஜாஸ் வாசிப்பவர் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். நான் ரிவர்ப்பை விட்டுக்கொடுத்து நார்மல் சேனலிலேயே வாசித்தேன், அங்கே ஜேசி-40ஆல் தர முடியாத ஒன்று கிடைத்தது. பிக் கம்பியை விட்டு விலகும் அந்தக் கணம் வால்வு ஆம்ப்பில் சற்று உள்வாங்கி, பின் மலர்கிறது. நன்கு தேய்த்துப் பழகிய கல்லுரலின் விளிம்புபோல முனை மழுங்கியிருக்கிறது. ஜேசி-40இல் அந்தக் கணம் உள்ளபடியே வருகிறது, ஓங்கி வாசித்தால் முகத்தில் அறைகிறது. நிதானமான பாடல்களுக்கு ஃபெண்டரையும், நாலைந்து சுரங்கள் நெருங்கி நிற்கும் கார்டுகள் பிரிந்து கேட்க வேண்டிய இடங்களுக்கு ரோலண்டையும் தேர்ந்தெடுப்பேன். இரண்டில் ஒன்றுதான் என்றால், எடையும் வால்வு மாற்றும் செலவும் கருதி ரோலண்டுக்குத்தான் என் வாக்கு.

குடைவான கிட்டார் இல்லாதவர்கள் இதற்குள் மனம் தளர்ந்திருக்கலாம், தேவையில்லை. ஃபெண்டரின் டெலிகாஸ்டர் கிட்டாரின் முழு மரக் கட்டையிலிருந்து, கழுத்தருகே ஒரு ஹம்பக்கரைப் பொருத்திக்கொண்டு, கனடாவின் எட் பிக்கர்ட் ஆண்டாண்டு காலம் எடுத்துக்காட்டிய நாதம் மேல்பலகை வளைந்த குடைவான எந்த ஆர்ச்டாப் கிட்டாருக்கும் சளைத்ததல்ல. அவர் பயன்படுத்திய ஆம்ப்களில் ஒன்று ரோலண்டின் க்யூப் 60 என்பதும், அதுவும் டிரான்சிஸ்டர் பெட்டி என்பதும் இங்கே பொருந்தி வருகிறது. என்னிடம் இருக்கும் டெலிகாஸ்டரில் பிக்கப்பைக்கூட மாற்றவில்லை. 11இல் தொடங்கும் ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள், டோன் 5, ஜேசி-40இல் ட்ரெபிள் 2, மிடில் 9, பேஸ் 4. காற்று அடைபட்ட அறை இல்லாததால் பேஸைக் கூட்டலாம், ஊளைக்கு அஞ்ச வேண்டாம். கார்வை மட்டும் நீளமாக இருக்கும். பாலத்தின் ஓரம் உள்ளங்கையை லேசாகச் சாய்த்து அதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜப்பானிலிருந்து நேராக வரும் பழைய பெட்டிகள் 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவையாக இருக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்துவந்து 230 வோல்ட் பிளக்கில் செருகினால் அன்றோடு கதை முடிந்தது. பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்ட்டைப் படித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். கடையில் சோதிக்கும்போது உங்கள் கிட்டாரையே எடுத்துச்செல்லுங்கள். கடைச் சுவரில் தொங்கும், 9இல் தொடங்கும் கம்பி போட்ட கிட்டாரில் இந்த ஆம்ப் தகரத்தைத் தட்டுவதுபோல்தான் ஒலிக்கும், விற்பனையாளரும் அதை மறைக்கக் கோரஸைத் திறந்துவிடுவார். முதல் வேலையாகக் கோரஸை அணைத்து, ட்ரெபிளையும் பேஸையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, மிடிலை முழுவதும் திறந்து, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பாடலின் முதல் எட்டு வரிகளைக் கட்டைவிரலால் வாசித்துப் பாருங்கள்.